பெட்டி வாசனை

பிள்ளை பிறந்த இருபதாம் நாள், காலை பதினொரு மணி வாக்கில், துவைத்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த முப்பிடாதியின் மூக்கில் ஒரு வாசனை பட்டது. ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் அது இல்லை. கையிலிருந்த துணியை முகத்தருகே கொண்டுபோனாள். வெயில் வாசனை அடித்தது. அடுத்ததை எடுத்து மோந்தாள், அதிலும் வெயில்தான். பதினாறு துணிகளையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு, மடித்ததையெல்லாம் உதறி மறுபடியும் கொடியில் போட்டாள்.

அந்த வீட்டில் வாசனை என்று எதுவும் இருக்கக் கூடாது. எட்டாம் மாதத்திலேயே அவள் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து, பினாயில், கொசு விரட்டும் பாட்டில், கரப்பான் பூச்சிக்குக் கோடு போடும் சாக்பீஸ், பிளீச்சிங் பவுடர், ஊதுபத்தி, சாம்பிராணி, முகப்பவுடர், கணவன் கல்யாண வீடுகளுக்குப் போட்டுக்கொள்ளும் சென்ட் என்று ஒன்று விடாமல் அள்ளி வெளியே அனுப்பிவிட்டாள். தரைக்கு வெறும் வெந்நீர். துணிக்குப் பூந்திக்கொட்டை. கொசுவுக்கு வலை. கணவன் செந்தூர்பாண்டி அரசுப் பேருந்தில் நடத்துனர். டீசல் நெடியோடு வருகிறவன், பின்வாசல் வழியாக நுழைந்து குளித்த பிறகுதான் தன் பிள்ளையின் முகத்தையே பார்க்க முடியும். பாளையங்கோட்டை முடுக்கு ஒன்றில் இருந்த அந்த வாடகை வீடு, கூடமும் ஓர் அறையும் அடுக்களையுமாக, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது.

முப்பிடாதிக்குத் தாய் இல்லை. பேறுகாலம் பார்க்க வந்திருந்தவள் செந்தூர்பாண்டியின் அக்கா மாரிக்கண்ணு. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவள். அவள் இடுப்பில் செருகிக்கொண்டு வந்த தலைவலித் தைலத்தை வந்த அன்றைக்கே முப்பிடாதி பிடுங்கித் தெருவில் போட்டுவிட்டாள்.

"ஏளா, ஒன் வீட்டுக்குள்ள வந்தா மூக்கு எதுக்கு இருக்குன்னே மறந்துபோவுது. கொழம்பு தாளிக்கலாமா, இல்ல அதுக்கும் தடையா?" என்று மாரிக்கண்ணு தினமும் கேட்பாள். கேட்டுவிட்டுச் சொன்னதைச் செய்வாள். அதனால் அவள் வாய் யாரையும் வருத்தியதில்லை.

அன்றைக்கு அடுக்களை வாசலில் நின்றுகொண்டு முப்பிடாதி கேட்டாள்.

"மைனி, இங்கன பாச்சா உருண்டை வாடை அடிக்கா?"

மாரிக்கண்ணு கையில் இருந்த கரண்டியை வைத்தாள். சிரிக்கவில்லை. கூடத்துக்கு வந்து நின்று, பைய மூச்சை இழுத்தாள்.

"இல்லளா. ஒண்ணும் அடிக்கல."

துணிப் பெட்டிக்குள் பூச்சி வராமல் இருக்கப் போடும் அந்த வெள்ளை உருண்டை மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியோ, இந்தப் பிள்ளைக்கு விஷம். அவன் ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு குறை இருந்தது. அந்த வாசனை மூச்சில் ஏறினாலோ, அது ஊறிய துணி உடம்பில் பட்டாலோ, ரத்தம் உடைந்து மஞ்சள் காமாலை வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லியிருந்தார். தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது என்றார். கவனமாக இருந்தால் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்து, அம்மாவையே மிரட்டுவான் என்றும் சொன்னார். முப்பிடாதிக்கு அதையெல்லாம் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவனுக்கு முன்னால் ஒருவன் இருந்தான்.

அப்போதும் அவள் கவனமாகத்தான் இருந்தாள், அதுதான் கொடுமை. புதுத் துணியில் சாயம் இருக்கும், கஞ்சி இருக்கும், கண்ணுக்குத் தெரியாத மருந்தெல்லாம் இருக்கும், பச்சை உடம்புக்கு ஆகாது என்று படித்துவிட்டு, கடைத் தொட்டில் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாள். பழைய நூல் சேலையில் தொட்டில் கட்டுவதுதானே வழக்கம். தாயின் தகரப் பெட்டியைத் திறந்து, பல வருஷம் உடுத்தி இழையெல்லாம் மெத்தென்று ஆகியிருந்த பச்சைச் சேலை ஒன்றை எடுத்தாள். பெட்டி வாசனை குப்பென்று வந்தது. அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது அந்தப் பெட்டி திறந்தால் வீட்டில் கல்யாணம் அல்லது திருவிழா என்று அர்த்தம். அவளுக்கு அந்த வாசனைதான் நல்ல நாள். சேலையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெயிலில் போட்டால் வாசனை போய்விடுமே என்று நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தி, கூடத்து இரும்பு வளையத்தில் தன் கையாலேயே கட்டினாள்.

இருபத்திரண்டு நாள் அவன் அதில் கிடந்தான். பதினேழாம் நாள் மஞ்சள் தெரிந்தது. இளவெயிலில் காட்டு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், காட்டினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, வீட்டில் பாச்சா உருண்டை இருக்கிறதா என்பதுதான். இருபத்துமூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் அவன் போய்விட்டான். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அவன் படுத்த துணி அவனோடு போகட்டும் என்று பெண்கள் தொட்டிலை அவிழ்த்து அந்தச் சேலையிலேயே அவனைச் சுற்றினார்கள். முப்பிடாதி பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாசனைக்குள்ளேயே அவனை வைத்து, தாமிரபரணிக் கரையில் மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குள் எதுவோ மரத்துப்போனது. இரண்டு வருஷம் கழித்து இவன் பிறந்தபோதும் அது விழிக்கவில்லை. கைகள் எல்லாவற்றையும் செய்தன. பால் கொடுத்தன, குளிப்பாட்டின, விளக்கு வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையை விலக்கிப் பார்த்தன, நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தித் தோலின் நிறம் பார்த்தன. இரவல் வாங்கிய பாத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பதுபோல அவனை வைத்திருந்தாள். பாசம் என்று எதுவும் வரவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அன்று சாயங்காலம் செந்தூர்பாண்டி குளித்துவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். தாயின் தகரப் பெட்டி வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் தலையைத் துவட்டிக்கொண்டே அலமாரி, பரண், கட்டிலடி, குளியலறை என்று எல்லா இடத்திலும் மூக்கை நுழைத்துப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலளா. மனசுல கெடக்கது மூக்குக்கு வருது போல."

"எனக்கு மனசு ஒண்ணும் இல்லைங்க. மூக்குதான் இருக்கு."

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். அங்கே குடியிருந்த தானியேல் வாத்தியார், முப்பிடாதி முன்பே கேட்டுக்கொண்டதால் தன் வீட்டில் இருந்த உருண்டைகளையும் என்றைக்கோ அப்புறப்படுத்திவிட்டிருந்தார். வேண்டுமானால் தங்கச்சியே வந்து பார்க்கட்டும் என்றார். முப்பிடாதி போனாள். வாத்தியாரும் அவர் மனைவியும் ஓரமாக நிற்க, அவர்கள் வீட்டுத் துணி அலமாரிக்குள் தலையை விட்டு மோந்தாள். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. வெட்கமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் வெட்கமும் வரவில்லை.

மறுநாள் வாசனை பன்னிரண்டு மணிக்கு வந்தது. இந்த முறை உடனே போகவில்லை. இனிப்பும் நெடியும் கலந்து, தொண்டையின் பின்பக்கத்தில் குளிர்ச்சியாக ஒட்டிக்கொண்டு, பெட்டி மூடியைத் திறந்த கணத்தில் முகத்தில் அடிக்குமே அதே கனத்தோடு நின்றது. மாரிக்கண்ணு கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்; தண்ணீர் கொட்டும் சத்தமும், எங்கோ மிக்சி ஓடும் சத்தமும், முடுக்கு முனையில் பழைய இரும்பு எடுப்பவனின் குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. முப்பிடாதி பிள்ளையைத் தூக்கி அறைக்குள் வலைக்கு அடியில் கிடத்திவிட்டு, கதவைச் சாத்தி, கூடத்தில் தனியாக நின்று வாசனையைத் தேடினாள். சன்னல் பக்கம் இல்லை. வாசல் பக்கம் இல்லை. குனிந்தால் இல்லை, முக்காலி மேல் ஏறினாலும் இல்லை. இடுப்பு உயரத்தில், கூடத்தின் நடுவில், காலித் தொட்டில் தொங்கும் இடத்தில் மட்டும் இருந்தது.

சாயம் ஏறாத காடாத் துணி அது. ஏழு முறை வெந்நீரில் அலசியது. அவிழ்த்துக் கொதிநீரில் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, ஒன்றும் கட்டாத இரும்பு வளையம் மேலே பைய ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதானே அவிழ்த்தோம், அதனால் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாள். அப்போதும் ஆடியது.

இருபத்திரண்டாம் நாள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

"பிள்ளை ஜம்முன்னு இருக்கான்மா. நீங்கதான் தூங்கவே இல்ல போலருக்கு" என்றாள் நர்ஸ். டாக்டரம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் உங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும், வாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். முப்பிடாதி அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

தொட்டில் இல்லாமல் பிள்ளை தூங்க மறுத்தான். பாயில் போட்டாலும் அழுகை, மடியில் போட்டாலும் அழுகை. அன்று பொழுது சாய்ந்ததும் மாரிக்கண்ணு காடாத் துணியை எடுத்து வந்து, யாரையும் கேட்காமல் வளையத்தில் கட்டிப் பிள்ளையைப் போட்டாள். இரண்டு ஆட்டில் தூங்கிவிட்டான்.

"பாத்தியா? ராசா மாதிரி தூங்குதான். எனக்கு ஆர்டர் ஒண்ணு நிக்கி, காலைல ஊருக்குப் போய்ட்டு ரெண்டு நாளுல வந்துருதேன். நீ சும்மா கெடந்து மோந்துகிட்டே திரியாத, என்ன?"

"நாளைக்கா மைனி போறிய?"

"ஏன், நாளைக்கு என்ன?"

முப்பிடாதி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு இருபத்துமூன்று என்பது அவளைத் தவிர யாருக்கும் நினைவில் இல்லை. அதைச் சொல்லி ஒருத்தியின் பிழைப்பைத் தடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குள் இருவரும் போய்விட்டார்கள், செந்தூர்பாண்டி டியூட்டிக்கு, மாரிக்கண்ணு பேருந்துக்கு. ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். மின்விசிறி மூன்று சுற்று மெதுவாகச் சுற்றி நின்றது. அதோடு முடுக்கில் இருந்த எல்லா வீடுகளின் சத்தமும் நின்றுபோனது, பக்கத்து வீட்டு டி.வி., மாடி வீட்டு மோட்டார், எதிர்வீட்டு மிக்சி, இவ்வளவு நாளும் இருந்ததே தெரியாத ஃப்ரிட்ஜின் முனகல்கூட. வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டு, ஒவ்வோர் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தது. சிமென்ட் சூடேறும் மணமும், வியர்வையும், பிள்ளையின் வாயோரத்துப் பால் புளிப்பும் தவிர வீட்டில் வேறு எதுவும் இல்லை. முப்பிடாதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் ஆட்டுக்கும் வளையம் ஒரு முறை முனகியது. அவள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

உச்சிப்பொழுதில், நிழல் அவள் கால் விரலைத் தொட்டபோது வாசனை வந்தது.

இன்றைக்கு அது மூக்கில் படவில்லை. கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் அதுவாக ஆனது. கண் எரிந்தது. நாக்கில் இனிப்பு தட்டியது. அவள் எழுந்தாள். பதறவில்லை. இதற்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்ததுபோல இருந்தது. பிள்ளையை வெளியே கொண்டுபோக வேண்டும், தானியேல் வாத்தியார் வீட்டு வாசலில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டாள். சூடான சின்ன முதுகு கையில் பட்டது. தூக்கி இடது தோளில் போட்டுக்கொண்டாள். அவன் தூக்கத்தில் சப்புக்கொட்டினான். அவன் நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்தாள். மஞ்சள் இல்லை.

பிறகு தொட்டிலைப் பார்த்தாள்.

பிள்ளையை எடுத்தால் தொட்டில் எழும்ப வேண்டும். துணி தளர்ந்து சுருங்க வேண்டும்.

எழும்பவில்லை.

துணி இறுக்கமாகத் தொங்கியது. அடியில் கனம் இருந்தது. உருண்டையாக, ஒரு பக்கம் சரிந்து. கயிற்றை அவள் எப்போதோ விட்டிருந்தாள். தொட்டில் ஆடியது. வளையம் முனகியது. நின்றது. மறுபடி முனகியது.

தோளில் இருந்தவனின் தலையைத் தொட்டாள். இருக்கிறான். முதுகைத் தொட்டாள். இருக்கிறான்.

துணியில் ஓர் இடம் புடைத்தது. உள்ளிருந்து. ஒரு குதிகால் அளவு. நகர்ந்தது. அடங்கியது.

வாசல் நான்கு எட்டில் இருந்தது. கதவு திறந்தே இருந்தது. வெளியே குழாயடியில் வாத்தியார் மனைவி யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் வருவாள். முப்பிடாதி ஓர் எட்டு வைத்தாள். அப்போது அது அழுதது.

இரண்டு குட்டை அழுகை, பிறகு ஒரு நீளம். இவன் அப்படி அழுததே இல்லை. அப்படி அழுதவன் ஒருவன்தான்.

பயம் வரும் என்று நின்றாள். வந்தது பயம் இல்லை. இரண்டு வருஷமாக மரக்கட்டையாகக் கிடந்த இடத்தில் வலித்தது. மார்பு கடுத்தது. ரவிக்கை நனைந்து, வயிறுவரை சூடாக வழிந்தது. ஐயோ, என் பிள்ளை என்று வந்தது. வாய்விட்டே வந்தது.

"பசிக்கா ராசா?" என்றாள்.

அழுகை நின்றது. காதுகொடுத்துக் கேட்டது.

துணியின் விளிம்பை விலக்கிக்கொண்டு ஒரு பாதம் வெளியே வந்தது. சுண்டு விரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடங்கியிருந்தது. அவனுக்கும் அப்படித்தான். மஞ்சள். நகம்கூட மஞ்சள். விரல் இடுக்கில் ஆற்று மணல். அவள் வலது கையால் அதைப் பிடித்தாள். குளிர்ந்திருக்கும் என்று நினைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. விரல்கள் மடங்கி அவள் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன.

இவ்வளவு நாள் எப்படிக் கிடந்தானோ. அந்தத் துணிக்குள். அந்த வாசனைக்குள். தூக்க வேண்டும். முதலில் தூக்க வேண்டும். உதறி, குளிப்பாட்டி, நல்ல துணி சுற்றி. ஒரு கையால் தூக்க முடியாது. இருபது நாள் பிள்ளையை ஒரு கையால் தூக்கக் கூடாது, கழுத்து நிற்காது. அது அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

தோளில் இருந்தவனைத் தரையில் கிடத்த மனசு வரவில்லை. வெறும் சிமென்ட், சுடும்.

ஒரு நிமிஷம்தானே.

தொட்டிலில் இடம் இருந்தது. பைய, தலையைத் தாங்கி, அவனை அண்ணன் பக்கத்தில் கிடத்தினாள்.

இரண்டு பக்கத்துத் துணியும் தானாக வந்து மூடிக்கொண்டது.

சத்தம் இல்லை. ஆட்டம் இல்லை. கூடத்தில் இருந்த வாசனை முழுவதும் நின்றுபோனது, யாரோ ஒரே மூச்சில் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டதுபோல. அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குனிந்தாள்.

துணியின் விளிம்புக்கு வெளியே நான்கு பாதங்கள் நீட்டியிருந்தன. நான்கும் மஞ்சளாக இருந்தன, நான்கிலும் சுண்டு விரல் மடங்கியிருந்தது. எதைப் பிடித்துத் தூக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.